நோன்புக்காரி

லெஸ்கோவாட்ஸில் காற்றுக்கே கொழுப்பு வாசம்.
தெருவுக்கு மூன்று கரியடுப்பு,
அடுப்புக்கு முன்னால் ஒரு வரிசை.
மாற்றலாகி வந்த முதல் வாரம்
ஓர் உணவகத்தில் "இறைச்சி வேண்டாம்" என்றேன்.
"உடம்புக்கு என்ன?" என்றார்கள்.
அடுத்த கடையில் பக்கத்து மேசைக்காரர்
நாற்காலியையே என் பக்கம் திருப்பிப் போட்டு
போர்க்காலத்தில் தன் அப்பா தின்ற காஞ்சொறிக் கீரையைப் பற்றி
ஒரு மணி நேரம் பேசினார்.
அதற்கு நான்தான் காரணம் போல.

மூன்றாவது கடையில் அந்தச் சொல் தானாக வந்தது:
"நோன்பு."

யாரும் எதுவும் கேட்கவில்லை.
பரிசாரகர் திஹோமிர் மேசைவிரிப்பின் ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு
ஏறக்குறைய தலை வணங்கினார்.

ஒரு பொய்க்கு ஒன்பது காவல்.
"மீன் இன்றைக்கு அனுமதிதானே?"
"எனக்கில்லை. கடும் நோன்பு."
கடும் நோன்பென்றால் எண்ணெய் கிடையாது,
முட்டை கிடையாது, பால் கிடையாது.
பக்கத்து மேசையில் கைமாக்,
வெண்ணெய்க்கும் தயிருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி
சுடுரொட்டி மேல் சரிந்துகொண்டிருந்தது.
எனக்கு அது ஆகும். அது என்றால் உயிர்.
தன் வாயால் கெட்ட தவளை நான்,
வெறும் வெள்ளை அவரையை மென்றேன்,
சுட்ட சிவப்பு மிளகாயோடு.

இந்த ஊரில் யாரிடமும் சொல்லாதது:
விடியற்காலை ஐந்து மணிக்கு
ரப்பர் காலணியும் தலைவலையும் மாட்டிக்கொண்டு
கொக்கியில் தொங்கும் ஒவ்வொன்றின்
ஈரலைக் கீறிப் பார்த்து
தொடையில் நீல முத்திரை குத்துவது நான்.
உண்ணத் தகுந்தது,
உண்ணத் தகுந்தது,
நாளொன்றுக்கு நூற்றிருபது முறை.
மாலையில் எனக்கு அவரை.
இரண்டுக்கும் நடுவே விளக்கம் ஏதும் உண்டா என்று
நானும் தேடிப் பார்த்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில்,
முள்கரண்டி பாதி வழியில் நின்றது.
அவ்வளவுதான்.

ஈஸ்டர் கழிந்து மூன்றாம் நாள்
வழக்கம்போல் உட்கார்ந்தேன், வழக்கம்போல் சொன்னேன்.
திஹோமிர் குறித்துக்கொள்ளவில்லை.
பென்சில் காதிலேயே இருந்தது.
"இந்த வாரம் நோன்பிருந்தால் பாவம், டாக்டரம்மா."

டாக்டரம்மா.
விரல்களை மேசைக்கடியில் மடக்கினேன்.
நகக்கண்ணில் நீலம், எந்தச் சோப்புக்கும் அசையாதது.

"முதல் பனி விழுந்தபோதே தெரியும்.
என் மைத்துனன் அங்கேதான் எலும்பு பிரிக்கிறான்.
சிக்கல் அதுவல்ல.
புகையூட்டிய விலா போடாமல் அவரை வேகவைக்க
எங்கள் ஸ்தமென்காவுக்கு மனம் வராது.
நோன்பில்லாத நாளில் தனிச்சட்டி என்றால் கரண்டி பறக்கும்.
அதனால் ஒன்று சொல்லி வைத்தேன்.
அந்த அம்மாவுக்கு நோயாளிப் பிள்ளை,
அவன் தேறும்வரை வேண்டுதல் என்று.
இப்போது ஞாயிறு தவறாமல்
அவனுக்காக மெழுகுத்திரி ஏற்றுகிறாள்.
வயது ஆறு என்று சொல்லியிருக்கிறேன்.
பெயர் கேட்கிறாள்."

எனக்குப் பிள்ளை கிடையாது.
அடுக்களைச் சன்னலில் ஆவி,
ஆவிக்குள் சிவந்த முகம் ஒன்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
எங்கள் பக்கம், தொட்டிலில் பிள்ளை தங்காதவர்கள்
அடுத்ததற்கு ஓநாய் என்று பெயர் வைப்பார்கள்,
பல்லுக்குப் பயந்து
சூனியக்காரி வாசலோடு திரும்பிவிடுவாள் என்று.

"வூக்" என்றேன்.

அவரை வந்தது. விலா இல்லை.
தட்டின் ஓரத்தில், நான் கேட்காத
ஒரு கரண்டி கைமாக்.
திஹோமிர் குனிந்து தண்ணீர் ஊற்றினார்.
"சாப்பிடுங்கள். பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று
உள்ளே சொல்லிவிட்டேன்."