கோட்டுப் பையில் ஒரு மஸ்ட்

பெய்ஸ்லியில் மழைக்கு விடுப்பு கிடையாது.
செங்கா பொல்லாக்கின் சலவைக்கடையில்
என் படுக்கை விரிப்புகள் நான்காம் எண் உலர்த்தியில் சுழல
நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அவர் வந்தார். டூகல் ரென்னி,
பஸ் டிப்போவில் முப்பது வருஷம்.
கையில் பாசிப்பச்சை நிறத்தில்
ஒரு பெண்ணின் கோட்டு.

"இதற்குக் கழுவல் தேவை" என்றார்.
அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.
தேவை கோட்டுக்கு;
கழுவுகிறவர் வாக்கியத்துக்குள் வருவதில்லை.
புல்லுக்கு வெட்டு தேவை. ஜன்னலுக்குத் துடைப்பு தேவை.
பூனைக்கு, வெளியே விடப்படல் தேவை.
கடமையெல்லாம் பொருள்களின் தலையில் ஏறிக்கொள்ள
மனிதர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள்
குடையை உதறியபடி.

"மகள் சொன்னாளா?" என்றாள் செங்கா.
சொன்னாளாம். லீட்ஸிலிருந்து, ஞாயிறுதோறும், போனில்:
யூவ் காட்டா, டாட். யூவ் காட்டா.
காட்டாவில் சட்டைக் காலரைப் பிடிக்கிற ஒரு கை உண்டு.
ஹாவ் டு என்றால் கை வெளியாருடையது:
வாடகை, பல் டாக்டர், ஆறு பதினைந்து பஸ்.
ஷுட்டுக்குக் கையே இல்லை. பெருமூச்சு மட்டும்.
ஐ ஷுட் பி கோயிங் என்று சொல்லிவிட்டு
மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார்.
நாற்பது நிமிஷத்தில் ஐந்து முறை சொன்னார்.
நான் எண்ணினேன், எனக்கும் வேறு வேலையில்லை.

இடையில் இருமினார்.
"அதை டாக்டரிடம் காட்ட நீ விரும்புகிறாய்" என்றாள் செங்கா.
அவர் விரும்பவேயில்லை.
விருப்பத்தின் உடுப்பில் வந்த உத்தரவு அது.
எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது:
என் மொழியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?
டீ வேண்டும். போக வேண்டும்.
பசிக்கும் பாரத்துக்கும் ஒரே வாசல்.

மஸ்ட்டைத்தான் அவர்கள் ஒருவர் முகத்துக்கு நேரே
அதிகம் சொல்வதில்லை.
அதைச் சுவரிடம் விட்டுவிடுகிறார்கள்.
மெஷினுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை:
பைகளைக் காலி செய்தே ஆக வேண்டும்.
டிப்போக்காரர். பலகைக்குக் கீழ்ப்படிந்து பழகியவர்.
காலி செய்தார்.

வலது பையில் மிட்டாய்த் தாள்,
நாயே வளர்க்காத வீட்டிலிருந்து
இரண்டு நாய் பிஸ்கட்.
இடது பையில் மின்கட்டண உறையின் கிழிசல்.
பென்சிலில், நெட்டாவின் சாய்ந்த கையெழுத்தில்:
மஸ்ட் போன் ரோனா.
அடியில் இரண்டு கோடு.

"யார் ரோனா?"
"தெரியாது."
நாற்பத்தொரு வருஷம்.
"தெரியாது" என்றார் மறுபடி,
இந்தமுறை கோட்டிடம்.

அந்த மூன்று சொல்லிலும் ஆள் இல்லை.
எழுவாய் பிப்ரவரியிலேயே போய்விட்டது.
பயனிலை மட்டும் பையில் கிடந்திருக்கிறது,
மிட்டாய்த் தாளுக்குத் துணையாக.

செங்கா நாணயத் தட்டை மூடினாள்.
"இன்றைக்கே வேண்டியதில்லை, டூகல்."
கூடாது என்று அவள் சொல்லவில்லை.
வேண்டியதில்லை.
இவ்விரண்டுக்கும் நடுவில்
ஒரு மனிதர் கோட்டை மடித்துக்கொள்ள இடமிருக்கிறது.

பிஸ்கட்டுகளைத் திரும்பப் பையில் போட்டார்.
சீட்டைத் தன் சட்டைப்பையில் வைத்தார்,
பித்தானும் போட்டார்.
"அந்த நாய்க்காரியாக இருக்க வேண்டும்" என்றார் கதவருகில்,
"ரோனா. ஷி மஸ்ட் பி."
இங்கே மஸ்ட் யாரையும் ஏவவில்லை.
இருட்டில் சுவரைத் தடவிப் பார்க்கிறது.
நம் வேண்டும்கூட
இதே சுவரை இதே கையால்தான் தடவும்.

இந்தமுறை ஐ ஷுட் பி கோயிங் சொல்லவில்லை.
போய்விட்டார்.

உலர்த்தி எப்போது நின்றதோ.
விரிப்புகளுக்கு மடிப்பு தேவை.
செங்கா என்னைப் பார்த்தாள்.
நான் மழையைப் பார்த்தேன்.