எட்டு சதவீதம்

வேலூரில் பஸ் மாறி
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகையில்
சில்லறை எண்ணுவது இடது கையால்தான்.
வலது கை மடியில் கிடக்கும்,
பால் குடித்துத் தூங்கின பிள்ளை மாதிரி.

நாற்பத்திரண்டு.
என் வயதில்லை. வயது ஐம்பத்தொன்று.
பேரணாம்பட்டு தோல் ஷாப்பில்
ஷேவிங் மிஷின் எடுத்துக்கொண்டது போக
மீந்த கையை ஒரு டாக்டர் அளந்து
ஊனம் இத்தனை என்று எழுதின கணக்கு.
நாற்பதுக்கு மேல் என்பதால் பணம் உண்டு.
பள்ளிக்கூடத்தில்
முப்பத்தைந்தைத் தாண்டாதவள்
இதில் பாஸ்.

இப்போது அதை ஐம்பதாக்கப் போறாங்களாம்.
யார் சொன்னது?
இ-சேவை மையத்தில் ஜெராக்ஸ் போடும் பையன்.
அவனுக்குத் தபால்காரர்.
அவருக்கு வாட்ஸ்அப்.
சத்துவாச்சாரி போய்
கலெக்டர் ஆபீஸில் கேட்டேன்.
"ஆர்டர் எதுவும் வர்லம்மா."
வராது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

மறுபரிசோதனைக்குக் கடுதாசி வந்த நாளிலிருந்து
வீட்டில் எல்லோருக்கும் கணக்கு வந்துவிட்டது.
இன்னும் எட்டு.
எட்டுக்கு எங்கே போவது?
மருமகன்தான் சொன்னான்:
"வெரல மடக்காத அத்தே.
மரமாட்டம் வெச்சிக்கினு இரு."

பதினோரு வருஷம்
விடியறதுக்கு முன்னே வெந்நீரில் கையை விட்டு
துணி உருண்டையைப் பிசைந்து பிசைந்து
மடங்குடி, மடங்குடி என்று
நடுவிரலிடம் கெஞ்சியிருக்கிறேன்.
அது முதலில் அசைந்த அன்று
கெங்கையம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினேன்.
போன தை மாசம்
ரவிக்கைக் கொக்கியை அதுவே பிடித்தது.
யாரிடமும் சொல்லவில்லை,
திருஷ்டி பட்டுவிடும் என்று.

வராந்தாவில் கத்திரி வெயில்.
பக்கத்தில் குடியாத்தத்துக்காரர் ஒருவர்
ரெண்டு ஊன்றுகோலோடு.
"எனக்கு ஒண்ணுதான்.
இது மச்சானோடது" என்று சிரித்தார்.
கொஞ்சம் கழித்து, சிரிக்காமல்:
"ராத்திரியில ரெண்டு வேணும்தான் இருக்குது.
ராத்திரியில யாரு வந்து பாக்குறாங்க?"

"தேசம்மா! யாருங்க தேசம்மா?"

சின்ன வயசு டாக்டர்.
ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"மடக்குங்க."

நான் மரமாகத்தான் இருந்தேன், சத்தியமாக.
விரலுக்கு அந்தச் சொல் தெரியும்.
பதினோரு வருஷப் பழக்கம்,
கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்தது.

"அட, நல்லா மடங்குதே!
யாருகிட்ட பிசியோ பண்ணீங்க?"

"நானேதாங்க" என்றேன்.
குரலில் இருந்த பெருமையை
மறைக்க நேரமில்லை.
பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவள் ஏதோ எழுதினாள்.
தலைகீழாக எண்களைப் படிக்க
எனக்கு வராது.
வீட்டுக்குத் தபால் வருமாம்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர்
டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.
எந்தக் கையை நீட்டுவது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
"சீக்கிரம் புடிம்மா" என்றார்.