தலைக்காசு

ஹட்டனில், நகைக்கடைக்கு மேல்மாடி.
வெள்ளைப் பலகையில் நான் ஒரு வட்டம்,
எனக்குக் கீழே இரண்டு,
அதற்குக் கீழே நாலு,
அப்புறம் பலகை போதவில்லை.

டை கட்டியவனுக்கு யோகமலர் கைதட்டினாள்.
போன மாதம்வரை என் பக்கத்து நிரையில்
கொழுந்தெடுத்தவள்.

நாற்பத்தையாயிரம்.
தோட்டை அடகு வைத்தால் முக்கால்வாசி வரும்.
"ரெண்டு பேரக் கொண்டாங்கக்கா, போதும்."

கொட்டகலை பஸ்ஸில் நின்றபடி யோசித்தேன்.
அடுத்த காம்பராவில் பரிமளம்:
சம்பளத்துக்கு முந்தின வாரம்
அவள் வீட்டு மாவில்தான் எங்கள் ரொட்டி.
அவளை ஒரு வட்டத்துக்குள் வைத்துப் பார்த்தேன்.
ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு எண்ணித்தானே
கங்காணி எங்கள் ஆட்களைக் கப்பலேற்றினான்.

படிவம் இன்னும் பைக்குள்.
சும்மா தந்த பற்பசையில் இன்று பல் விளக்கினேன்.
நன்றாகத்தான் இருக்கிறது.