தீப்பெட்டி அளவு

படத்தின் இடப்பக்கம் விளக்கு, அரசியின் கையில்.
அவளுக்குப் பின்னே
ஆந்தை முகமும் ஆனை உடலுமாய்
நான் பெற்ற விலங்கு.
பதினொரு இரவு வரைந்தேன்.
மூன்றாம் பாகம், நூற்று நாற்பதாம் பக்கம்.
இடது மூலையில், நிழல் விழும் இடத்தில்
எறும்பளவு என் கையெழுத்து.

செக்காலை மாடி அறையிலிருந்து
நான் வரையும் ஊர்கள் எதற்கும்
பஸ் கிடையாது.

ஆனால் கழனிவாசல் முக்கில் அரசி நின்றாள்,
பன்னிரண்டடிக்கு எட்டடி.
கழுத்துக்கு மேலே
காதுகுத்தப்போகும் ஒரு குழந்தையின் முகம்,
கன்னத்தில் பொட்டு, அழுது ஓய்ந்த கண்.
ஆனைக்கு வயலட் பூசியிருந்தார்கள்.
கையெழுத்து இருந்த மூலையில்
தாய்மாமன்கள் ஆறு பேர், கூலிங் கிளாஸோடு.

‘நெட்டுல கெடந்துச்சுக்கா’ என்றான்
ஃபிளெக்ஸ் கடை யாசர்.
கிடந்தது என்பதற்கு
எங்கள் தொழிலில் வேறு சொல் உண்டு.
சொல்லிவிட்டு வந்தேன்.
வந்தவள் மறுபடி முக்கில் நின்று
இரண்டு பஸ்ஸை விட்டேன், அண்ணாந்தபடி.
இத்தனை பெரிதாய் என்னை
யாரும் அச்சடித்ததில்லை.

அந்த வாரமே பள்ளத்தூரிலிருந்து கடிதம்.
மெ. சேவுகமூர்த்தி, இயற்பியல் ஆசிரியர்.
மாயக்கதைப் படங்களில் ஒளி பற்றி
ஒரு நூல் எழுதுகிறாராம்.
தங்கள் ஓவியம் ஒன்றுக்கு அனுமதி வேண்டும்.
கட்டுரையும் உள்ளே இருந்தது:
‘விளக்கு இடப்பக்கம். நிழலும் இடப்பக்கம்.
அரசிக்கு இது தெரியாமல் இருக்கலாம்.
ஓவியருக்கு?’

அந்தக் கேள்விக்குறியின் கொக்கியில்
இரண்டு நாள் தொங்கினேன்.
பிறகு எழுதினேன், ஒரே வரி:
அனுமதி இல்லை.

அஞ்சலட்டையில் பதில்:
‘சரி அம்மா. கேட்டது மரியாதைக்கு.
விமர்சனத்துக்கு வேண்டியதை எடுக்க
ஐம்பத்திரண்டாம் பிரிவு இடம் தருகிறது.
வேண்டியதற்கு மேல் எடுக்க மாட்டேன்.’

நூல் வந்தது. புரட்டினேன்.
கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவு.
விளக்கு, விரல்கள், நிழல்.
ஆனை இல்லை. அரசியின் முகம்கூட இல்லை.
கீழே என் பெயர், முதலெழுத்தோடு,
பாகம், பக்கம், பதிப்பகம்,
ஒற்றுப்பிழை ஒன்றில்லை.
உப்புக் கேட்டு வந்தவர்,
இல்லை என்ற பிறகு
ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து
மூடியையும் மூடிவிட்டுப் போனதுபோல.

சென்னையிலிருந்து அன்வர் பேசினார்:
‘வாத்தியாருக்கு நோட்டீஸ் விடலாமா?’
ஃபிளெக்ஸுக்கு?
‘அது நம்ம நோட்டீஸ் போறதுக்குள்ள
ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாயிடும்.’

கொண்டாடியவர்கள் கேட்கவில்லை.
கேட்டவர் கொண்டாடவில்லை.
என் மனத்தாங்கலுக்கு
எந்தப் பிரிவிலும் இடமில்லை.

அன்றிரவு கரண்ட் போனது.
மெழுகுவர்த்தியை இடக்கையில் பிடித்துச்
சுவரோரம் நின்றேன்.
நிழல் வலப்பக்கம் போய்
பீரோவில் முட்டிக்கொண்டது.
ஏற்றிப் பிடித்தேன், இறக்கினேன்,
முதுகைக் காட்டினேன்.
எப்படி நின்றாலும்
வாத்தியார் பக்கமே சாய்ந்தது.
ஆறு தாய்மாமன்கள்
அரும்பாடுபட்டு மறைத்திருந்த பிழை.

யாசருக்கு ஆயிரத்தைந்நூறுக்கு பில் போட்டேன்.
ஐந்நூறு தந்தான்.
‘மிச்சத்துக்கு விசிட்டிங் கார்டு
அடிச்சுத் தரேன்க்கா.’
அடித்தும் தந்தான்.
கார்டில் வயலட் ஆனை.

பள்ளத்தூருக்கு ஒன்றும் எழுதவில்லை.
நான்காம் பாகம் முடிந்துவிட்டது.
எழுபத்திரண்டாம் பக்கத்தில்
அதே அறை, அதே அரசி,
கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறோம்.
முன்பு சட்டகத்துக்கு வெளியே இருந்த
வலப்பக்க மாடத்தில்
அதைவிடப் பெரிய விளக்கொன்று
அன்றைக்கே எரிந்துகொண்டிருக்கிறது.

எடுத்துக்கொள்ளட்டும் சேவுகமூர்த்தி,
தீப்பெட்டி அளவுக்கு.