அறை 214

கதவில் ஒட்டிய தாளில் இரண்டு பெயர்கள்:
ஃபுசேனா இத்ரிசு,
நா கோர்க்கோர் லாம்ப்டே.
மூன்றாவது நான்.
தாளில் இல்லை.

குமாசியில் இப்படி ஒண்டிக்கொள்வதற்குப்
பறவையின் வினைச்சொல்லை வைத்திருக்கிறார்கள்.
கிளையில் வந்து குந்துவதாம்.
எந்தப் பறவையும் விடிவதற்குள்
மெத்தையைச் சுருட்டிக்
கட்டிலுக்கடியில் தள்ளி நான் பார்த்ததில்லை.

முதலாண்டில் எல்லாருக்கும் கட்டில்.
அப்புறம் குலுக்கல்.
என் சீட்டு விழவில்லை.
வெளி விடுதியில் ஒரு கட்டிலுக்கு ஓராண்டு வாடகை கேட்டேன்,
ஹோவில் அப்பா ஓட்டும் டாக்சிக்கு
நான்கு புது டயர் வாங்கி
மீதியில் எஞ்சினையும் பிரித்துக் கட்டலாம்.

ஃபுசேனா சொன்னாள்: தரை சும்மாதானே கிடக்கிறது.

கடைசியில் குளிக்க வேண்டும், முதலில் எழ வேண்டும்.
குழாய் வறண்டால்
மூன்று வாளியையும் நானே ஏற்றுவேன், யாரும் சொல்லாமலே.
வாயிலில் காவலர் ஒட்டு கேட்பார், யாரம்மா?
நோட்ஸ் எடுக்க வந்தேன் ஐயா.
இரண்டு வருடமாக நோட்ஸ் எடுக்கிறேன்.
இரண்டு வருடமாகத் தலையாட்டுகிறார்.

நா கோர்க்கோருக்கு என்னை ஆகாது.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.
என் ஷிட்டோ பாட்டிலை மட்டும் தினமும்
அலமாரியிலிருந்து எடுத்துத்
தரையில் வைத்துவிடுவாள்,
உன் எல்லை இது என்பதுபோல.

ஜனவரி. வடக்கிலிருந்து புழுதிக்காற்று.
உதடு வெடிக்கும் குளிர் இரவு.
மேல்மாடியில் யாரோ ஒளித்து வைத்த மின்னடுப்பு
திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டது.

முந்நூறு பெண்கள் முற்றத்தில்,
போர்த்திய துணியோடு, தலைவலையோடு.
வார்டன் டார்ச் அடித்துப் பட்டியல் படித்தார்.
நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.
ஒளிவது கைவந்த பழக்கம்,
தீக்கும் வார்டனுக்கும் வித்தியாசம் தெரியாமல்.

213. இருக்கிறோம்.
214. இருக்கிறேன், என்றாள் ஃபுசேனா, இருமலுக்கு நடுவே.
இரண்டு பேர். சரி. 215.

இல்லை!
நா கோர்க்கோரின் குரல்.
இன்னும் ஒருத்தி உள்ளே இருக்கிறாள்!
எங்கள் அறையில் மூன்று பேர்! மூன்று!
கத்திக்கொண்டே படிக்கட்டை நோக்கி ஓடினாள்,
ஒரு காலில் செருப்பில்லாமல்.

இங்கே இருக்கிறேன் என்று சொல்ல
இரண்டு வருடம் பழகாத வாய்
திறக்கச் சற்று நேரமாயிற்று.

திரும்பினாள். வந்தாள்.
தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.
பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை
தீயணைப்பு வண்டி வரும்வரை.

மறுநாள் ஷிட்டோ பாட்டில்
வழக்கம்போல் தரையில் இருந்தது.

வியாழனன்று கதவில் இன்னொரு தாள்.
அபராதம், மூவருக்கும்.
மூன்றாவதாக என் பெயர்,
ஓர் எழுத்தை விழுங்கி:
எசினா அக்பேக்கோ.

பேனா எடுத்து
விட்டுப்போன எழுத்தைச் சேர்த்தேன்.