இருபத்தொன்றாவது பல்பு

சியாத்தூராவில் டிசம்பர் என்றால்
நாலரை மணிக்கே மலை வெயிலைச் சுருட்டிக்கொள்ளும்.
மாங்கனீஸ் தூசி படிந்து
பனியும் எங்கள் சுவர் நிறத்துக்கு வந்துவிடும்.
இரண்டாம் மாடிப் படிக்கட்டில் நானும் வாக்கோவும்,
நடுவே புத்தாண்டுச் சரவிளக்கு.
நாங்கள் பிறக்குமுன்பே பழசானது.
முப்பத்தாறு குழிகள், ஒரே கம்பி.
ஒன்றும் எரியவில்லை.

எல்லாமா போயிற்று? என்றேன்.
ஒன்றுதான் போயிருக்கும், என்றான்.
தொடரிணைப்பு. ஒன்று போதும்.

போன வாரத் தேர்வில் நான் எழுதியிருந்தேன்:
முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு
மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும் என்று.
பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி,
அவ்வளவுதான்.
ரொட்டிக்கடை வரிசையென்று நினைத்துவிட்டேன்,
முன்னால் நிற்பவருக்குச் சூடானது
கடைசி ஆளுக்குத் துணுக்கு.

அப்படி இல்லை.
பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்கும்
எங்கள் ரோப் காரைப் பார்த்தால் போதும்.
ஒரு பெட்டி ஏறும் அதே நொடியில்
எதிர்ப்பெட்டி இறங்குகிறது.
யாரும் முந்துவதில்லை, எங்கும் தேங்குவதில்லை.
ஓரிடத்தில் நின்றால்
எல்லா இடத்திலும் நின்றதுதான்.
ஆம்பியரை எங்கே அளந்தாலும் அதே ஆம்பியர்.
ஓட்டம் தீர்வதில்லை,
அழுத்தம்தான் பங்கு பிரிகிறது.
இருநூற்றிருபது வோல்ட், முப்பத்தாறு பேர்,
ஆளுக்கு ஆறு,
மேலே கொஞ்சம் சில்லறை.

வாக்கோ பிளக்கைச் செருகினான்.
இடக்கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
சுரங்கத்து எலக்ட்ரீஷியன்கள் செய்வது,
இரண்டு கையும் தொட்டால்
நெஞ்சு வழியாகச் சுற்று முடிந்துவிடுமாம்.
மீட்டரின் முட்களை ஒரு கையால் பிடித்து
ஒவ்வொரு பல்பாகத் தொட்டான்.
பூஜ்யம்.
பூஜ்யம்.
பூஜ்யம்.
நல்ல பல்புகள் எல்லாம்
ஒன்றுமே நடக்காதது போல.
இருபத்தொன்றில்
முள் துள்ளிக்கொண்டு போய் நின்றது:
இருநூற்றிருபது.

அறுந்த இழையின் நடுவே
மயிரிழை அகல இடைவெளி.
யாருக்கும் பங்கு போகாமல்
மொத்த அழுத்தமும் அங்கேயே
கரையில் நின்று எட்டிப் பார்க்கிறது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்
மற்ற குழிகளைச் சோதித்தோம்.
மூன்றில் பல்பே இல்லை.
யாரோ எந்த வருஷமோ
சாக்லேட் தாளை மடித்துத் திணித்திருந்தார்கள்.
தடையில்லாத குறுக்குவழி.
ஆக முப்பத்தாறின் சுமையை
முப்பத்து மூன்று தூக்கியிருக்கிறது,
கூடுதல் வெளிச்சம், குறைந்த ஆயுள்.
அம்மா இத்தாலிக்கு வேலைக்குப் போன பிறகு
அப்பாவும் இப்படித்தான்,
சமையலிலும் சத்தத்திலும் பளபளவென்று.

கட்டடத்து வீடுகள் வேறு ரகம்,
பக்க இணைப்பு.
ஏழாம் எண் குடும்பம் பூட்டிக்கொண்டு போய்
இரண்டு வருஷம் ஆகிறது.
எங்கள் ஃபிரிட்ஜுக்கு ஒரு வோல்ட் குறையவில்லை.
அதுதான் பாதுகாப்பான இணைப்பு என்று புத்தகம் சொல்கிறது.
சரிதான்.
அவர்கள் போனது எங்களுக்குத் தெரிந்தது
தபால்பெட்டி நிரம்பி வழிந்தபோது.

வாக்கோ பையிலிருந்து
வழவழப்பான மிட்டாய்த் தாள் ஒன்றை எடுத்தான்.
வேண்டாம், என்றேன்.
சந்தையில் பழைய ரேடியோ வால்வு விற்கிறவரிடம்
நாலு பல்பு வாங்கினோம்,
ஒன்று இல்லை, நாலு.
பழைய தாள்களை நகத்தால் சுரண்டி எடுத்தேன்,
ஒன்றில் இன்னும் சாக்லேட் வாசனை இருந்தது போலத் தோன்றியது,
இருந்திருக்காது.

எரிந்தது.
முப்பத்தாறும்.

ஐந்தாம் எண் வீட்டு மக்வாலா
உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏறி வந்து
மூச்சு வாங்க நின்று பார்த்தாள்.
போன வருஷத்தைவிட மங்கலா இருக்கே, என்றாள்.

ஆமாம், என்றான் வாக்கோ.
ஆளுக்கு ஆறுதான்.