பன்னிரண்டடி அகலம்

கஸ்தூரியார் வீதியில்
பன்னிரண்டடி அகலம், நாற்பத்தேழடி நீளம்.
இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர்.
"உள்ள வந்தால் செட்டியார் தெரு தோற்கோணும்"
என்றார் குணாளன்.
அளவு நாடாவின் மறுமுனையைப்
பிடித்துக்கொண்டு நின்றான் யூட்.

முதலில் கண்ணாடி.
வலப்பக்கச் சுவர் முழுக்க வைத்தால்
கடை இரட்டிக்கும், காப்பும் இரட்டிக்கும்.
எந்த உயரத்தில் என்று கேட்டேன்.
கழுத்துத் தெரிந்தால் போதுமாம்.
முகத்தைப் பார்த்தால்
சனம் யோசிக்கத் தொடங்கிவிடுமாம்.

பிறகு வெளிச்சம்.
வெள்ளை லைற்றில் தங்கம்
பித்தளைக்கு ஒன்றுவிட்ட தங்கையாகிவிடும்.
மஞ்சள் கூடினால் சேலையின் நிறம் பொய் சொல்லும்.
மூவாயிரம் கெல்வினில் நிறுத்தினோம்:
வெயில் சாய்கிற ஐந்தரை மணி,
நாள் முழுக்க.

பின்னால் பட்டறை.
பத்தர் வைகுந்தராசா படத்தைப் பார்க்கவில்லை.
குந்தியிருந்து தரையைத் தடவினார்.
"மாபிளுக்கு இடுக்கு இருக்கக்கூடாது, தங்கச்சி.
தூள் போய் ஒளிச்சிடும்."
மின்விசிறி வேண்டாம், சுடர் அலையும்.
கை கழுவுகிற தண்ணீர்
மூன்று வாளி தாண்டித் தெளிந்துதான்
வாய்க்காலுக்குப் போகவேண்டும்.
நடுவில் கண்ணாடித் தடுப்பு வைக்கட்டுமா,
வாங்க வருகிறவர்கள் வேலையைப் பார்க்கலாமே என்றேன்.
"பார்க்கட்டும். நான் பார்க்கமாட்டன்."
கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.

படத்தில் ஒரு மூலை மிச்சம்.
பழைய நகை எடுக்கிற இடம்:
தராசு, உரைகல், ஒரு ஸ்டூல்.
கழிவறைக் கதவோடு ஒட்டி
குணாளனே பேனையால் வரைந்திருந்தார்.
"விக்க வாறவைக்கு என்னத்துக்கு அலங்காரம்?"

காப்புத் தட்டிலிருந்து
இருபத்திரண்டு அங்குலம் களவெடுத்தேன்.
சரியாக ஒரு கதிரை, கைபிடியோடு.
கண்ணாடி அங்கே எட்டாது.
வாசலிலிருந்து பார்த்தால் தூண் மறைக்கும்.

"இதுக்கு எந்த லைற், அக்கா?"
"முகம் தெரியாத லைற்."
"அப்பிடி ஒண்டு ஸ்ரான்லி வீதியிலயும் விக்கிறேல்லை."
சிரித்தபடியே
பைப் துண்டொன்றை வெட்டிக் கூடாக்கி
பல்பைத் தாழ இறக்கினான்,
தராசுத் தட்டிலும் இலக்கங்களிலும் மட்டும் விழும்படி.

எனது படிப்பின் முதல் தவணை
ஒரு சங்கிலி, ஒன்றேகால் பவுண்.
ரியூப்லைற்றுக்குக் கீழே நின்றபடி விற்றேன்.
பொன்னுருக்கலுக்கு வாங்க வந்த குடும்பமொன்று
விலகி எனக்கு வழி விட்டது,
மரியாதையாக.
படத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை.
அளவை மட்டும் எழுதினேன்.

திறப்பு விழா.
நிறைகுடம், குத்துவிளக்கு,
ஏசிக் குளிரில் நடுங்கும் மல்லிகை.
பதினொரு மணிபோல ஒருத்தி வந்தாள்,
கைலேஞ்சி முடிச்சு உள்ளங்கையில்.
காப்புகளைப் பார்க்கவில்லை.
யாரும் சொல்லாமலே தூணைச் சுற்றிப் போய்
இருந்தாள்.

ஒரு கிழமை கழித்துக் குணாளன் போன் எடுத்தார்.
எல்லாம் நல்லாயிருக்காம்.
அந்தக் கதிரைதான்
ஆகலும் மெத்தையாப் போச்சாம்.
காசை எண்ணி வாங்கின பிறகும்
எழும்ப நேரம் எடுக்கினமாம்.